கண்வலி விதையைப் பொடித்து மூட்டுவலிக்குச் சாப்பிடலாமா? அப்பாவுக்காகக் கேட்கிறேன்

சாளைக்காடு | அக்டோபர் 12, காலை 6.40

வணக்கம். மூலனூர்ப் பக்கம் எங்களுக்கு இரண்டரை ஏக்கரில் கண்வலிக்கிழங்கு, அதாவது செங்காந்தள், இருக்கிறது. நான் திருப்பூரில் வேலை பார்க்கிறேன், விடுமுறைக்கு வீட்டுக்கு வந்திருக்கிறேன்.

அப்பாவுக்கு வயது 61. நான்கு ஆண்டுகளாக வலது கால் பெருவிரல் மூட்டு திடீர் திடீரென்று சிவந்து வீங்கும். போர்வை பட்டாலே துடித்துப் போவார். யூரிக் அமிலம் என்று சொல்லி மருத்துவர் எழுதித் தந்த மாத்திரைகளில் ஒன்று கோல்ச்சிசின், 0.5 மில்லிகிராம். மருந்துக்கடையில் ஒரு பையன், "ஐயா, இது உங்கள் ஊர்க் கண்வலி விதையிலிருந்துதான் எடுக்கிறார்கள்" என்று பெருமையாகச் சொல்லியிருக்கிறான். அது அப்பாவின் மனதில் தங்கிவிட்டது.

போன மாசியில் எடுத்த விதை இரண்டு மூட்டை, விலை ஏறட்டும் என்று வீட்டிலேயே கிடக்கிறது. நேற்று இரவு சமையலறைப் பரணில் பழைய காபித்தூள் பாட்டிலில் பழுப்பு நிறப் பொடி இருந்ததைப் பார்த்தேன். கேட்டால், மூன்று நாட்களாக ஒரு சிட்டிகை எடுத்துத் தேனில் குழைத்துச் சாப்பிடுகிறாராம். மாத்திரையையும் விடவில்லை. நேற்று மாலையிலிருந்து நான்கைந்து முறை வயிற்றுப்போக்கு, ஒரு முறை வாந்தி. "கெட்ட நீர் இறங்குகிறது, நல்லதுதான்" என்கிறார். கால் வீக்கம் வற்றியிருப்பதும் உண்மை.

இது சரியா? மூட்டை மூட்டையாக நாங்கள் விற்கும் விதைதானே மாத்திரை ஆகிறது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

இரவுப்பணி | அக்டோபர் 12, காலை 6.52

தங்கையே, விளக்கம் பிறகு. இப்போதே கிளம்புங்கள். வண்டி இல்லையென்றால் 108-ஐ அழையுங்கள். இரத்தப் பரிசோதனையும் தீவிர சிகிச்சைப் பிரிவும் உள்ள மருத்துவமனையாக இருக்கட்டும். அந்தப் பாட்டில், முழு விதை ஒரு கைப்பிடி, அவர் சாப்பிடும் எல்லா மாத்திரை அட்டைகளும் கையில் இருக்க வேண்டும். போனதும் "வயிற்றுப்போக்கு" என்று மட்டும் சொல்லாதீர்கள். "கண்வலிக்கிழங்கு விதை, கோல்ச்சிசின்" என்று சொல்லி எழுத வையுங்கள். இனி ஒரு சிட்டிகைகூட வேண்டாம், மாத்திரையும் வேண்டாம்.

நான் செவிலியர். இதைப் பார்த்திருக்கிறேன்.

மலையடிவாரம் | அக்டோபர் 12, காலை 7.30

அந்தப் பெண்ணை இப்படிப் பயமுறுத்த வேண்டுமா? கண்வலி என்று நீங்கள் சொல்லும் கலப்பைக்கிழங்கு நம் வைத்தியத்தில் காலங்காலமாக இருக்கும் மூலிகை. என் அப்புச்சி நாட்டு வைத்தியர். தேள்கடி, வாதம், தோல் நோய் என்று எத்தனையோ பேருக்கு அதைக் கொடுத்ததாக வீட்டில் சொல்வார்கள், ஒருவரும் சாகவில்லை. மாத்திரையாக வந்தால் மருந்து, மண்ணிலிருந்து வந்தால் விஷமா? அவருக்கு வீக்கம் வற்றியிருப்பதை யாரும் கவனிக்கவில்லை.

கல்லுரல் | அக்டோபர் 12, காலை 8.15

மலையடிவாரம் அவர்களே, நான் 34 ஆண்டுகள் மருந்தாளுநராக இருந்து ஓய்வு பெற்றவன். உங்கள் கேள்வி நியாயமானது. விதையில் இருப்பதும் மாத்திரையில் இருப்பதும் ஒரே பொருள்தான். வீக்கம் வற்றியதும் அதனால்தான். எனக்கு அச்சம் தருவது அதுவே.

0.5 மில்லிகிராம் என்றால் ஒரு கிராமை இரண்டாயிரம் பங்காக்கி அதில் ஒரு பங்கு. நகைக்கடைத் தராசுகூட அதைக் காட்டாது. தொழிற்சாலையில் விதையிலிருந்து பிரித்து, தூய்மையாக்கி, அளந்து, நிரப்புப் பொருளோடு கலந்து ஒவ்வொரு மாத்திரையிலும் அதே அளவு இருக்கும்படி அழுத்துகிறார்கள். நம் தோட்டத்து விதையில் காய்க்குக் காய், மண்ணுக்கு மண், உலர்த்தும் விதத்துக்கு விதம் அளவு மாறும். கிழங்கைவிட விதையில் அதிகம் இருக்கும். அதனால்தான் ஏற்றுமதிக்கு விதையைக் கேட்கிறார்கள். விரல் நுனியில் எடுக்கும் சிட்டிகை இன்று ஒன்றாக இருக்கும், நாளை மூன்றாக இருக்கும். பல மருந்துகளில் அந்த வேறுபாட்டை உடம்பு பொறுத்துக்கொள்ளும். கோல்ச்சிசினில் குணப்படுத்தும் அளவுக்கும் கொல்லும் அளவுக்கும் இடையே உள்ள வரப்பு மிகக் குறுகலானது.

வயிற்றுப்போக்கைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், இது என் நெஞ்சில் உறுத்துவது. நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில், "வலி நிற்கும்வரை அல்லது பேதி ஆகும்வரை மணிக்கு ஒன்று" என்று கோல்ச்சிசின் எழுதுவார்கள். நானும் அப்படியே படித்துச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். பேதி ஆனால் மருந்து வேலை செய்கிறது என்று மக்கள் நம்பியதில் எங்களுக்கும் பங்குண்டு. உண்மையில் அது குடல் சுவர் நஞ்சுக்கு ஆட்பட்டதன் முதல் அடையாளம். 2010-ல் வெளிவந்த ஆய்வு ஒன்றில், ஒரு மணி நேரத்துக்குள் கொடுத்து முடித்த 1.8 மில்லிகிராம், ஆறு மணி நேரத்தில் கொடுத்த 4.8 மில்லிகிராம் அளவுக்கே வலியைக் குறைத்தது. பேதி மிகக் குறைவு. அதன் பிறகுதான் பழைய முறை ஒழிந்தது. "கெட்ட நீர் இறங்குகிறது" என்று ஐயா சொல்வது அந்தப் பழைய காலத்தின் எச்சம்.

மகளே, இன்னொன்று கேட்க வேண்டும். கடந்த பத்து நாட்களில் சளி, காய்ச்சல் என்று வேறு ஏதாவது மாத்திரை வாங்கினாரா? சிறுநீரகம் எப்படி இருக்கிறது?

சாளைக்காடு | அக்டோபர் 12, முற்பகல் 10.05

தாராபுரம் தாண்டி வந்துகொண்டிருக்கிறோம், பக்கத்து வீட்டு அண்ணன் கார் ஓட்டுகிறார். அப்பா கோபத்தில் பேசாமல் வருகிறார்.

கல்லுரல் ஐயா, நீங்கள் கேட்ட பிறகுதான் சட்டைப் பையைப் பார்த்தேன். போன வாரம் இருமலுக்கு மருந்துக்கடையில் சொல்லி வாங்கிய அட்டை ஒன்று இருக்கிறது. கிளாரித்ரோமைசின் என்று எழுதியிருக்கிறது. சிறுநீரகப் பரிசோதனையில் கிரியாட்டினின் கொஞ்சம் கூடுதல் என்று ஆறு மாதத்துக்கு முன்பு சொன்னார்கள்.

கல்லுரல் | அக்டோபர் 12, முற்பகல் 10.11

அந்த அட்டையை மருத்துவர் கையிலேயே கொடுங்கள். கோல்ச்சிசினை உடைப்பது கல்லீரலில் உள்ள ஒரு நொதி. அதைச் செல்லுக்குள்ளிருந்து வெளியே தள்ளுவது ஒரு புரதம். கிளாரித்ரோமைசின் என்ற அந்தக் கிருமிக்கொல்லி மருந்து இரண்டையும் முடக்கிவிடும். சிறுநீரகமும் தளர்ந்திருந்தால் உள்ளே போனது வெளியேற வழியில்லை. இந்த இரண்டு மருந்துகளும் சரியான அளவில் சேர்ந்தே உயிர் போன நேர்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. உங்கள் அப்பா அதற்கு மேல் விதையையும் சேர்த்திருக்கிறார்.

மலையடிவாரம் | அக்டோபர் 12, பிற்பகல் 1.20

மாத்திரையோடு சேர்ந்ததால் வந்த வினை என்றால் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் முறைப்படி சுத்தி செய்து கொடுத்தால் நஞ்சு போய்விடும் என்பதையும் சொல்லுங்கள். வேகவைத்தாலே பாதி போய்விடும் என்பார்கள்.

பாளை மாணவி | அக்டோபர் 12, பிற்பகல் 2.45

நான் சித்த மருத்துவம் இறுதியாண்டு படிக்கிறேன். இதற்கு நான்தான் பதில் சொல்ல வேண்டும்.

வேகவைத்தால் போகாது. உலர்த்தினாலும் போகாது. கொதிக்கவைப்பதைக் கோல்ச்சிசின் தாங்கும், ஆண்டுக்கணக்கில் கிடங்கில் இருந்தாலும் தாங்கும். மரவள்ளியில் உள்ள நஞ்சு ஊறவைத்து அவித்தால் பெருமளவு நீங்கும். அந்த அனுபவத்தை வைத்து எல்லாக் கிழங்கையும் அப்படியே நினைக்கிறோம்.

சுத்தி முறைகள் உண்மைதான். சீவி உப்பு மோரில் ஊறவைப்பது, கோமூத்திரத்தில் ஊறவைப்பது என்று பல. அவை நஞ்சைக் குறைக்கின்றன, முழுவதும் எடுத்துவிடுவதில்லை. எடுத்துவிட்டால் மருந்தும் போய்விடுமே. நம் முன்னோர் இதை நஞ்சு என்றே வகைப்படுத்தினார்கள் என்பதை மறந்துவிட்டோம். இன்றைய சட்டமும் அப்படித்தான். மருந்துகள், அழகுசாதனப் பொருள்கள் விதிகளின் இ(1) அட்டவணையில் இலாங்கலி என்ற பெயரில் ஆயுர்வேத நச்சுப் பொருள்களின் வரிசையில் இது இருக்கிறது. எட்டியும் ஊமத்தையும் அதே வரிசையில்தான். அப்படிப்பட்ட சரக்கு சேர்ந்த மருந்தின் மேல் மருத்துவ மேற்பார்வையில் உட்கொள்ளவும் என்ற எச்சரிக்கை இருக்க வேண்டும்.

கருவுற்ற பெண்கள் இதன் பக்கமே வரக்கூடாது. கருவைக் கலைப்பது என்ற பொருளில் வடமொழியில் இதற்கு ஒரு பெயரே உண்டு. அப்பாவின் பொடிக்குச் சுத்தியும் இல்லை, அளவும் இல்லை. இதை எங்கள் மருத்துவத்தின் கணக்கில் எழுதாதீர்கள், மிகவும் வேதனையாக இருக்கிறது.

நுண்ணோக்கி | அக்டோபர் 12, இரவு 9.10

கல்லூரியில் தாவரவியல் நடத்துகிறேன். இது ஏன் முதலில் வயிற்றைத் தாக்குகிறது, பிறகு இரத்தத்தை, கடைசியில் முடியை என்று புரிந்துவிட்டால் எதற்கு எவ்வளவு நாள் காத்திருக்க வேண்டும் என்பதும் புரிந்துவிடும்.

செல் இரண்டாகப் பிரியும்போது குரோமோசோம்களை இரு பக்கமும் இழுக்க மெல்லிய இழைகள் தேவை. டியூபுலின் என்ற புரதத்தைச் செங்கல் செங்கல்லாக அடுக்கி அந்த இழைகளைச் செல் கட்டிக்கொள்கிறது. கோல்ச்சிசின் அந்தச் செங்கல்லோடு ஒட்டிக்கொள்ளும். அதற்கு மேல் அடுக்க முடியாது. குரோமோசோம்கள் பிரியத் தயாராகி அப்படியே சிதறி நிற்கும், இழுக்க ஆள் இருக்காது. எங்கள் ஆய்வகத்தில் வெங்காய வேர்நுனியை இதில் ஊறவைத்து மாணவர்களுக்குக் காட்டுவோம். பிரிவின் நடுவிலேயே உறைந்து நின்ற செல்கள் கண்ணாடித் தகட்டில் வரிசையாகத் தெரியும். முதன்முறை பார்க்கும் பிள்ளைகள் வாயடைத்துப் போவார்கள்.

உடம்பில் ஓயாமல் பிரிந்துகொண்டிருக்கும் செல்கள் எவையோ அவை முதலில் விழும். குடலின் உள்சுவர் சில நாட்களுக்கு ஒருமுறை தன்னைப் புதுப்பித்துக்கொள்வது, அதனால் முதல் நாளே வாந்தி, பேதி. எலும்பு மஜ்ஜை அடுத்தது. அங்கே உற்பத்தி நின்றாலும் ஏற்கெனவே இரத்தத்தில் இருக்கும் வெள்ளணுக்கள் தீரும்வரை சில நாட்கள் ஒன்றும் தெரியாது. முடிவேர் கடைசி. கால் வீக்கம் வற்றுவதும் இதே வேலைதான். மூட்டில் படிந்த யூரிக் அமிலப் படிகங்களைத் தேடி ஓடிவரும் வெள்ளணுக்கள் நகர்வதற்கும் இந்த இழைகள் வேண்டும். கட்டுமானம் குலைந்தால் அவை வருவதில்லை, அழற்சி அடங்குகிறது.

1820-ல் பெல்தியே, கவாந்து என்ற இரு பிரெஞ்சு வேதியியலாளர்கள் இதைக் கோல்ச்சிகம் என்ற ஐரோப்பியச் செடியிலிருந்து பிரித்தார்கள். அதே ஆண்டில் சின்கோனாப் பட்டையிலிருந்து குயினைனைப் பிரித்ததும் அவர்களே. கருங்கடலோரம், இன்றைய ஜார்ஜியாவில் இருந்த கோல்கிஸ் நாட்டின் பெயர் அந்தச் செடிக்கு வந்தது. அதுவும் நம் செங்காந்தளும் ஒரே குடும்பம். அங்கே வசந்தத்தில் காட்டுப்பூண்டு இலை பறிக்கப் போகிறவர்கள் அதன் இலையைத் தவறிப் பறித்துச் சமைத்து இறக்கிறார்கள். இங்கே கிழங்கு, அங்கே இலை.

செடியே ஏன் சாவதில்லை என்று மாணவர்கள் கேட்பார்கள். விலங்குகளின் டியூபுலினை இது இறுகப் பற்றுவதுபோல் தாவரங்களின் டியூபுலினைப் பற்றுவதில்லை. செடிகளில் வேலை வாங்க மிகுந்த செறிவு வேண்டும். 1937-ல் பிளேக்ஸ்லி என்பவர் ஊமத்தையில் இதைப் பயன்படுத்திக் குரோமோசோம் எண்ணிக்கையை இரட்டித்தார். ஜப்பானில் கிஹாரா குழுவினர் விதையில்லாத் தர்ப்பூசணியை உருவாக்கியதும் இந்த வழியில்தான்.

வன்னிமகள் | அக்டோபர் 13, காலை 5.30

இதைப் படித்துவிட்டு இரவு தூங்கவில்லை. நாங்கள் இதைக் கார்த்திகைப்பூ என்போம், மாரி தொடங்கியதும் வேலியெல்லாம் தீ வைத்ததுபோல் பூத்துக் கிடக்கும்.

நான் பத்து வயதாக இருந்தபோது இடம்பெயர்ந்து போய்ப் புதிதாக ஒரு காணியில் இருந்தோம். அரிசி தட்டுப்பாடு. என் சித்தி பற்றைக்குள் கிண்டி எடுத்த கிழங்குகளை வத்தாளங்கிழங்கு (நீங்கள் சொல்லும் சர்க்கரைவள்ளி) என்று நினைத்து அவித்தார். கொடி அந்தப் பருவத்தில் காய்ந்து போயிருந்தது, இலையும் இல்லை, பூவும் இல்லை, அடையாளம் பார்க்க ஒன்றுமே இல்லை. கைத்தது என்று சித்தப்பா ஒரு வாயோடு வைத்துவிட்டார். சித்தி பசியில் உப்பும் மிளகாயும் தொட்டுச் சாப்பிட்டுவிட்டார். பிள்ளைகளுக்குக் கஞ்சி கொடுத்திருந்ததால் நாங்கள் தப்பினோம்.

அன்றிரவு தொடங்கிய வயிற்றோட்டம் அடுத்த நாள் முழுக்க இருந்தது. சித்தி பிழைத்துக்கொண்டார், எப்படி என்று இன்றும் வியப்பு. மூன்றாம் வாரம் ஒரு காலையில் தலை வாரும்போது சீப்போடு கொத்தாக வந்தது. இரண்டு நாளில் தலையில் ஒரு முடி இல்லை. புருவமும் போனது. முக்காடு போட்டுக்கொண்டு கிணற்றடிக்கு விடியுமுன் போய் வருவார். முடி திரும்ப முளைக்க மாதங்கள் ஆயின. எங்கள் ஊரில் அது செய்வினை என்று கதை கட்டினார்கள், அந்தப் பேச்சுத்தான் அவரை அதிகம் வருத்தியது. 1966-லேயே இலங்கையில் இதே கிழங்கைச் சாப்பிட்ட ஒருவருக்கு உடல் முழுக்க முடி உதிர்ந்தது பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்திருக்கிறது என்று வளர்ந்த பிறகு அறிந்தேன். அப்போது யாராவது அதைச் சித்திக்குச் சொல்லியிருந்தால்!

தங்கச்சி, அப்பா எப்படி இருக்கிறார்?

சாளைக்காடு | அக்டோபர் 13, இரவு 8.00

அனைவருக்கும் நன்றி. சேர்த்துவிட்டோம். முதலில் பார்த்தவர் சாப்பாடு ஒத்துக்கொள்ளாத வயிற்றுப்போக்கு என்று எழுதத் தொடங்கினார். பாட்டிலையும் அட்டைகளையும் மேசையில் வைத்த பிறகு மூத்த மருத்துவரை அழைத்தார். கரித்தூளைக் கரைத்துக் கொடுத்தார்கள், சொட்டு மருந்து ஏறுகிறது, ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை இரத்தம் எடுக்கிறார்கள்.

இன்று மதியத்திலிருந்து பேதி நின்றுவிட்டது. இட்லி கேட்டுச் சாப்பிட்டார். பூ விரிந்திருக்கிறது, ஆட்கள் வந்திருப்பார்கள், நாளைக் காலையில் வீட்டுக்குப் போக வேண்டும் என்று ஒரே பிடிவாதம். கையெழுத்துப் போட்டுக் கூட்டிப் போய்விடலாமா என்று அம்மாவும் கேட்கிறார். எனக்கே தடுமாற்றமாக இருக்கிறது.

இரவுப்பணி | அக்டோபர் 13, இரவு 8.09

போகாதீர்கள். காலில் விழுந்து கேட்கிறேன், போகாதீர்கள்.

இந்த நஞ்சு இப்படித்தான் ஏமாற்றும். முதல் நாள் வயிறு, அடுத்து ஓர் அமைதி. நோயாளி எழுந்து உட்காருவார், பசிக்கிறது என்பார், வீட்டார் சாமிக்கு வேண்டிக்கொண்டு கூட்டிப் போவார்கள். அந்த அமைதிக்குள் அது செல்களுக்குள் வேலை செய்துகொண்டிருக்கும். இரண்டாம் நாளிலிருந்து ஏழாம் நாள்வரை எப்போது வேண்டுமானாலும் இரத்த அழுத்தம் சரியலாம், சிறுநீரகம், மூச்சு, இதயத் துடிப்பு எதுவும் தடுமாறலாம். வெள்ளணு இறங்கும்போது சாதாரணக் கிருமியே ஆளைச் சாய்க்கும்.

நான் பயிற்சியில் இருந்தபோது ஓர் இளைஞர் இப்படி இரண்டாம் நாள் கையெழுத்துப் போட்டுப் போனார். நான்காம் நாள் திரும்பக் கொண்டுவந்தார்கள். போகும்போது என்னிடம் "அக்கா, வருகிறேன்" என்று சிரித்துவிட்டுப் போனவர். அதற்கு மேல் எழுத முடியவில்லை.

இதற்கு மாற்று மருந்து கடையில் கிடையாது. 1995-ல் பிரான்சில் ஒரு பெண்ணை இந்த நஞ்சைப் பிடித்துக்கொள்ளும் எதிர்ப்புரதம் கொடுத்துக் காப்பாற்றினார்கள், அது விற்பனைக்கு வரவே இல்லை. டயாலிசிஸ் செய்தும் இதை இரத்தத்திலிருந்து எடுக்க முடியாது, திசுக்களுக்குள் போய் உட்கார்ந்துவிடும். பக்கத்திலேயே இருந்து, எது சரிகிறதோ அதைத் தாங்கிப் பிடிப்பது ஒன்றுதான் சிகிச்சை. அதற்கு அவர் கட்டிலில் இருக்க வேண்டும். பூவை ஆட்கள் பார்த்துக்கொள்வார்கள்.

வேலிக்கிளுவை | அக்டோபர் 14, காலை 6.15

அரவக்குறிச்சிப் பக்கம் 18 ஆண்டுகளாகக் கண்வலி போடுகிறேன். அம்மணி, உங்கள் தோட்டத்துக்கு ஆள் தேவைப்பட்டால் இங்கேயே எழுதுங்கள், பக்கம்தான், நான்கு பேரை அனுப்புகிறேன்.

அப்பாவைக் குறை சொல்லாதீர்கள். இந்தப் பயிரோடு இருப்பவர்களுக்கு அச்சம் விட்டுப்போகும், எனக்கும் விட்டுப்போயிருந்தது. ஆடியில் கிழங்கு ஊன்றும்போது கையால் தொடுகிறோம். புரட்டாசி, ஐப்பசியில் விடிந்ததும் பூப்பூவாகப் போய் மகரந்தம் சேர்க்கிறோம். இந்தப் பூவில் சூலகத்தண்டு மடங்கி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், மகரந்தப் பைகள் வேறு பக்கம் இருக்கும், தானாகச் சேர்வது அரிது. ஒவ்வொரு பூவிலும் மகரந்தத்தை எடுத்து அந்த நுனியில் தொட்டால்தான் காய் பிடிக்கும். பத்து மணிக்குள் ஒரு பெண் எத்தனை நூறு பூ தொடுவாள் என்று எண்ணிப் பாருங்கள். விரலெல்லாம் மஞ்சளாக இருக்கும். அந்தக் கையோடு தூக்குவாளியைத் திறந்து சாப்பிடுவோம். தை, மாசியில் காய் பறித்து நிழலில் காயவைத்து விதையைப் பிரிக்கும்போது தூசி மூக்குக்கும் கண்ணுக்கும் போகும். விதை முதலில் செக்கச்செவேலென்று மணிபோல் இருக்கும், சின்னப் பிள்ளைகள் விளையாட எடுக்கும். காய்ந்த பிறகு பழுப்பாகிக் கல்போல் ஆகும்.

கிழங்கு இன்னும் மோசம். விதைக்கிழங்கை அறுவடைக்குப் பிறகு மணலில் போட்டு வீட்டு மூலையில் வைப்பவர்கள் எங்கள் ஊரிலேயே பலர். பக்கத்துச் சாக்கில் வெங்காயம், சர்க்கரைவள்ளி. முழுக் கிழங்கு ஏர்க்கலப்பைபோல் மடங்கி இருக்கும், கலப்பைக்கிழங்கு என்ற பெயரே அதனால்தான். ஆனால் தோண்டும்போது இரண்டாக ஒடிந்துவிட்டால் ஒரு துண்டு விரலளவு பழுப்புத் தோலும் வெள்ளைச் சதையுமாகச் சமையல் கிழங்குபோலவே கிடக்கும். வெளியூரிலிருந்து வந்த மருமகளுக்கோ வேலைக்கு வந்த வடக்கத்திப் பையனுக்கோ எப்படித் தெரியும்?

மூன்று ஆண்டுகளுக்கு முன்பு என் ஆட்டுக்குட்டி ஒன்று களத்தில் சிந்திய விதையைத் தின்று செத்தது. அன்றே வீட்டிலிருந்து எல்லாவற்றையும் மோட்டார் அறைக்கு மாற்றிப் பூட்டுப் போட்டேன். சாவி என் அரைஞாணில். மனது சரியில்லாமல் இருப்பவர்கள் கைக்கும் அது எட்டக் கூடாது. இந்தக் கிழங்கால் அப்படிப் போன உயிர்கள் நம் பக்கத்தில் உண்டு, ஊருக்கே தெரியும், வெளியே சொல்ல மாட்டோம்.

விதை வாங்க வருகிறவர் ஈரப்பதம் பார்க்கிறார், எடை பார்க்கிறார், விலை குறைக்கிறார். கையுறை போட்டீர்களா என்று இத்தனை ஆண்டில் ஒருவர்கூடக் கேட்டதில்லை. ஐரோப்பாவரை போகும் சரக்கு இது. மாநில மலர் என்று படம் போடுகிறார்கள். அதைத் தொட்டு வேலை செய்யும் பெண்களுக்கு ஒரு சோப்பும் தண்ணீர்த்தொட்டியும் தோட்டத்திலேயே இருக்க வேண்டும் என்பது என் பேச்சு. கேட்பவர் குறைவு.

தென்றல்வீடு | அக்டோபர் 14, பிற்பகல் 12.40

இடையில் கேட்பதற்கு மன்னிக்கவும். கோல்ச்சிசின் மாரடைப்பைத் தடுக்கும், அமெரிக்காவில் அனுமதித்துவிட்டார்கள் என்று வாட்ஸாப்பில் வந்தது. என் கணவருக்கு ஸ்டென்ட் வைத்திருக்கிறது. அது இந்தப் பூவிலிருந்து வருவதுதானா?

கல்லுரல் | அக்டோபர் 14, பிற்பகல் 1.05

அதேதான். இதய நோயாளிகளுக்குத் தினம் 0.5 மில்லிகிராம் என்று 2023-ல் அங்கே அனுமதி கிடைத்தது உண்மை. அதற்கு அடுத்த ஆண்டு, மாரடைப்பு வந்தவர்களிடம் நடத்திய ஒரு பெரிய ஆய்வு பயன் இல்லை என்று சொன்னது. கொடுக்க வேண்டுமா என்பதை உங்கள் இதய மருத்துவர் சிறுநீரகத்தையும் மற்ற மாத்திரைகளையும் பார்த்து முடிவு செய்யட்டும். அம்மா, முதுகுவலிக்கு எழுதித் தரும் தயோகோல்ச்சிகோசைடு என்ற மாத்திரையும் இந்த விதையின் வழி வருவதுதான், அது நம் ஊர்களில் மிகச் சாதாரணமாகப் புழங்குகிறது. அவர் ஏதாவது சாப்பிடுகிறார் என்றால் அதையும் சொல்லுங்கள்.

மலையடிவாரம் | அக்டோபர் 15, காலை 7.00

நேற்று ஊருக்குப் போய் அம்மாவிடம் கேட்டேன், அவருக்கு 78 வயது. அப்புச்சி கலப்பைக்கிழங்கை அரைத்துத் தேள்கடிக்கும் படைக்கும் மேலே பூசுவாராம். உள்ளுக்கு யாருக்கும் கொடுத்ததில்லையாம். அரைத்த அம்மியைச் சாம்பல் போட்டு ஏழு முறை கழுவச் சொல்வாராம், அந்த அம்மியில் சமையலுக்கு அரைக்க விடமாட்டாராம். கொல்லைப்புறத்தில் அது இன்றும் தனியாகக் கிடக்கிறது. நான் சிறுவயதில் அதன்மேல் ஏறி விளையாடி அடி வாங்கியிருக்கிறேன், ஏன் என்று இத்தனை ஆண்டு தெரியாது.

12-ஆம் தேதி நான் எழுதியதைப் படித்துவிட்டு அவர்கள் கிளம்பத் தாமதித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் கை நடுங்குகிறது. மன்னியுங்கள், சகோதரி. அந்தப் பதிவை அழிக்கவில்லை. கீழே உள்ள பதில்களோடு சேர்த்தே யாராவது படிக்கட்டும்.

சாளைக்காடு | அக்டோபர் 17, இரவு 9.45

மலையடிவாரம் அண்ணா, நீங்கள் எழுதும்போது நாங்கள் ஏற்கெனவே வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தோம். வருந்த வேண்டாம்.

இரவுப்பணி அக்கா சொன்னதுதான் நடந்தது. 15-ஆம் தேதி வெள்ளணு 8,000-லிருந்து 2,100-க்கு இறங்கிவிட்டது. காய்ச்சலும் வந்தது. தனி அறைக்கு மாற்றி, மஜ்ஜையைத் தூண்டும் ஊசி போட்டார்கள். அன்றிரவு கண்ணாடிக்கு வெளியே நின்றுகொண்டு, இட்லி சாப்பிட்டாரே என்று கூட்டிப் போயிருந்தால் என்று அம்மா திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். இன்று 3,400. காய்ச்சல் இல்லை. கிளுவை அண்ணன் அனுப்பிய நான்கு பேரும் மூன்று நாள் பூத் தொட்டுக் கொடுத்துவிட்டுக் கூலி வாங்க மறுத்துவிட்டார்கள். அவர்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை.

இரவுப்பணி | அக்டோபர் 17, இரவு 9.50

அழுதுவிட்டேன். அவரைத் தூங்க விடுங்கள், நீங்களும் தூங்குங்கள்.

சாளைக்காடு | நவம்பர் 4, காலை 7.20

வீட்டுக்கு வந்து பத்து நாள் ஆகிறது. வெள்ளணு 6,800. கோல்ச்சிசினை நிறுத்திவிட்டார்கள். கால் வீங்கினால் உடனே வரச் சொல்லி, யூரிக் அமிலத்தைக் குறைக்க வேறு மாத்திரை, சிறுநீரகத்துக்கு ஏற்ற அளவில். இருமலுக்கோ காய்ச்சலுக்கோ கடையில் கேட்டு எதையும் வாங்குவதில்லை என்று அம்மாவின் தலையில் அடித்துச் சத்தியம் செய்திருக்கிறார்.

போன வாரம் எண்ணெய் தேய்த்து விடும்போது கையோடு முடி வந்தது. வன்னிமகள் அக்கா எழுதியதைப் படித்திருந்ததால் அம்மா பயப்படவில்லை. "முளைத்துவிடும்" என்று சொல்லிக்கொண்டே தேய்த்தார். அக்கா, உங்கள் சித்தியின் கதையை அப்பாவிடம் சொன்னேன். அவர் நெடுநேரம் பேசவில்லை.

நேற்று அவரே ஆளை வைத்து மூட்டைகளைப் பரணிலிருந்தும் திண்ணையிலிருந்தும் இறக்கி மோட்டார் அறைக்குக் கொண்டுபோனார். கதவில் சிவப்புப் பெயின்டால் "கண்வலி விதை, விஷம்" என்று தமிழில் எழுதி, கீழே இந்தியில் எழுத ஆள் தேடி, வேலைக்கு வந்திருக்கும் பீகார்ப் பையனைக் கூப்பிட்டு எழுத வைத்தார். அந்தப் பையன், "இதுவா விஷம்? போன மாதம் இந்தக் கிழங்கைச் சுட்டுத் தின்னலாமா என்று நினைத்தேன்" என்றான். அப்பா அவனைக் கையைப் பிடித்து அழைத்துப் போய், ஒரு முழுக் கிழங்கையும் ஒடிந்த துண்டையும் சர்க்கரைவள்ளியையும் வரிசையாகத் திண்ணையில் வைத்து, ஒவ்வொன்றையும் நறுக்கிக் காட்டினார். கத்தியை அங்கேயே சோப்புப் போட்டுக் கழுவினார்.

கிளுவை அண்ணா, தொட்டிக்கு எத்தனை லிட்டர் வைத்தால் பதினைந்து பேருக்குப் போதும்? சோப்பு, கையுறையோடு சேர்த்து இந்த வாரமே வாங்கிவிடலாம் என்கிறார்.

வேலிக்கிளுவை | நவம்பர் 4, காலை 7.55

200 லிட்டர் போதும் அம்மணி. அடியில் குழாய் வைத்ததாக வாங்குங்கள், கையை முக்கிக் கழுவினால் தண்ணீரெல்லாம் கெட்டுவிடும். சாப்பிடும் மரத்தடிக்குப் போகிற வழியில் வையுங்கள். ஞாயிற்றுக்கிழமை வருகிறேன், அப்பாவைப் பார்த்த மாதிரியும் இருக்கும்.